விமானம் ஏறும் முன் 18 மணி நேரம்

ஒரு கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்குக் கடைசி முக்குளிப்பை முடித்து மேலே வருகிறீர்கள். மறுநாள் காலை 7 மணிக்கு ஊர் திரும்ப விமானம். ஏறலாமா? விடையைப் பிறகு பார்ப்போம்.

இடம், லாயாங்-லாயாங். கோத்தா கினபாலுவுக்கு வடமேற்கே சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில், தென்சீனக் கடலில் இருக்கும் பவள வளையம். நடுவில் அலையடங்கிய காயல். வெளிப்பக்கமோ பாறை சுவர்போல் செங்குத்தாக ஆழ்கடலுக்குள் இறங்குகிறது. கூட்டமாக வரும் சுத்தியல்தலைச் சுறாக்களைக் காணத்தான் முக்குளிப்போர் அங்கே போகிறார்கள். காலுக்குக் கீழே தரை தெரியாததால், எவ்வளவு ஆழம் வந்துவிட்டோம் என்பதே மறந்துபோகும். ஆழமானியை அடிக்கடி பார்க்கச் சொல்வது சும்மா இல்லை.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. கடல்மட்டத்தில் 1, 30 மீட்டர் ஆழத்தில் 4. சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமாகத்தான் தோம்பிலிருந்து காற்று வரும். அதில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன். உடல் அதைப் பயன்படுத்துவதில்லை. ஆனால், அழுத்தம் கூடக் கூட அது இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து சேர்ந்துகொண்டே போகும்.

சோடா போத்தலை நினைத்துப் பாருங்கள். மூடியிருக்கும் வரை குமிழி இல்லை. சட்டென்று திறந்தால் நுரைத்துப் பொங்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தால் பொங்காது. நீங்கள் மேலே வரும்போதும் இதே கதைதான். அதனால்தான் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாமல், 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று வருகிறார்கள். அவசரப்பட்டால் திசுக்களில் குமிழிகள் உண்டாகும். மூட்டுவலி, தோல் அரிப்பு, கைகால் மரத்துப்போதல் தொடங்கி, முதுகுத்தண்டு பாதித்தால் பக்கவாதம்கூட வரலாம்.

தண்ணீரைவிட்டு வெளியேறியதும் போத்தல் முழுதாகத் திறந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. மிச்சமிருக்கும் நைட்ரஜன் மூச்சுவழி வெளியேறப் பல மணி நேரம் பிடிக்கும். பயணிகள் விமானத்தின் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 0.75 வரை இறங்கலாம். அது 2,400 மீட்டர் உயர மலையில் நிற்பதற்குச் சமம். கடற்கரையில் நலமாக இருந்தவருக்கு வானத்தில் வலி தொடங்குவது இப்படித்தான்.

வந்துவிட்டால்? தூய உயிர்வாயு கொடுத்து, உயர் அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நம் நாட்டில் லுமுட் இராணுவ மருத்துவமனையில் அவ்வசதி உண்டு. ஆனால், லுமுட் இருப்பது பேராக்கில். நீங்கள் இருப்பதோ சபாவுக்கும் அப்பால், நடுக்கடலில். போகும் விமானமும் மிகத் தாழ்வாகப் பறக்க வேண்டும், அல்லது உள்ளே கடல்மட்ட அழுத்தத்தை வைத்திருக்க வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். மாலை 4 முதல் காலை 7 வரை 15 மணி நேரம். ஒரே ஒரு சாதாரண முக்குளிப்பு என்றால் குறைந்தது 12 மணி நேரம் போதும். பல நாள், பல முறை மூழ்கியவருக்கு 18. ஆகவே ஏறக்கூடாது. ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு முன்பே கடைசி முக்குளிப்பை முடித்திருக்க வேண்டும். மாலைப் பொழுதுக்குக் காயல் இருக்கிறது. மூச்சுக்குழாயோடு மேல்மட்டத்தில் நீந்தலாம், ஈர உடைகளையும் காயவைக்கலாம்.