வாய் வறண்டால் வளரும் பூஞ்சை

நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியதுபோன்ற வெண்படலத்துடன் எங்களிடம் வருவோர் முதலில் கேட்பது, “இது எங்கிருந்து தொற்றியது?” என்பதே. பெரும்பாலும் எங்கிருந்தும் தொற்றுவதில்லை. கேண்டிடா அல்பிகன்ஸ் என்னும் இந்த ஈஸ்ட் வகைப் பூஞ்சை, நலமுள்ள பலரது வாயிலும் தீங்கின்றி வாழ்கிறது. அதை அடக்கிவைப்பவற்றுள் முதன்மையானது உமிழ்நீர்.

நாளொன்றுக்கு அரை முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் உமிழ்நீர், பூஞ்சைச் செல்களை ஓயாமல் கழுவி இரைப்பைக்கு அனுப்புகிறது. அதிலுள்ள ஹிஸ்டாட்டின் என்னும் சிறு புரதங்கள் பூஞ்சைச் செல்லினுள் புகுந்து, அதன் ஆற்றலை வெளியேறச் செய்து கொல்கின்றன. லாக்டோஃபெரின் என்னும் புரதமோ, பூஞ்சைக்குத் தேவையான இரும்பைத் தான் பற்றிக்கொள்கிறது. பெனிசிலினுக்கு முன்பே, 1922இல், அலெக்சாண்டர் ஃபிளெமிங் அறிவித்த லைசோசைமும் இக்காவலில் பங்குகொள்கிறது. இக்காவல் தளரும்போது, உருண்டையாயிருந்த ஈஸ்ட் இழைகளாக நீண்டு வாயின் மென்தோலுக்குள் ஊடுருவுகிறது.

கழுத்து, தலைப் பகுதியில் கதிர்வீச்சு பெறுவோருக்கே இது மிகக் கடுமை. விழுங்க முடியாமல் உணவு குறைய, எடை குறைய, சிகிச்சையையே இடையில் நிறுத்த நேரிடலாம். ஒவ்வாமை, மனச்சோர்வு ஆகியவற்றுக்கான சில மாத்திரைகளும், கட்டுப்படாத சர்க்கரையும் வாயை வறட்டும். பொள்ளாச்சியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் இங்கு வந்து இறங்குவோர் பலர், பேருந்தில் சிறுநீர் கழிக்க வழியில்லை என அஞ்சி வழிநெடுக நீரே அருந்துவதில்லை. அவர்களைக் குறைகூற எங்களுக்கு மனமில்லை. ஆயினும் அவ்வப்போது ஒரு மிடறேனும் அருந்துமாறு வேண்டுகிறோம்.

பூஞ்சைக்கொல்லி மருந்து படலத்தை நீக்கும். வறட்சி நீடித்தால் படலம் மீண்டும் வரும். எனவே நீங்கள் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் கொண்டுவந்து காட்டுங்கள். எதையும் தாமாக நிறுத்த வேண்டா. உறக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைவதால், பல்செட்டை இரவில் கழற்றிச் சுத்தம்செய்து நீரிலிட்டு வையுங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் அவ்விடத்து எதிர்ப்பாற்றலைக் குறைக்கும். இழுத்தபின் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள்.

பராமரிப்போர் துணியால் படலத்தைச் சுரண்டுவதும், தேன் தடவுவதும் அன்பினால்தான். சுரண்டினால் புண்ணாகும்; தேனின் சர்க்கரை, வறண்ட வாயில் பற்களைச் சொத்தையாக்கும். விழுங்கும்போது நெஞ்சில் வலித்தால் பூஞ்சை உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம். அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே வாருங்கள்.