சேஸி எண்ணை மாற்றி அடிக்கலாமா?

கேள்வி: என் தாத்தா 1950களின் தொடக்கத்தில் சென்னையில் வாங்கிய ஆஸ்டின் ஏ-40 கார் எங்கள் வீட்டில் இருக்கிறது. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் பூட்டிய வண்டி. அப்பா காலத்தில் பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல் டீசல் இன்ஜின் மாற்றிவிட்டார்கள். இப்போது பழையபடி ஆக்க ஆசை. பிரித்துப் பார்த்தால் சேஸியின் நடுப்பகுதியைத் துரு தின்றிருக்கிறது. வேறொரு ஏ-40யின் நல்ல சேஸி கிடைத்திருப்பதாகவும், அதிலுள்ள எண்ணை ராவிவிட்டு நம் ஆர்.சி. புத்தகத்து எண்ணை அடித்துக்கொள்ளலாம் என்றும் மெக்கானிக் சொல்கிறார். எல்லோரும் செய்வதுதானாம். அப்படிச் செய்தால் அது தாத்தாவின் காரே இல்லை என்கிறான் தம்பி. ஒரே எண்ணில் இரண்டு ஜாகுவார்கள் இருந்ததாக எங்கோ படித்தேன். அது எப்படி நடக்கும்? எத்தனை பாகம் மாறினால் ஒரு கார் வேறு கார் ஆகிறது?
பொள்ளாச்சி வாசகர்

பதில்: அந்த எண்ணை அடிக்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எண்ணை ராவி மாற்றுவது சட்டப்படி குற்றம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் உங்கள் கடைசிக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

எத்தனை பாகம் என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்வியைத் தீர்க்க 1990இல் லண்டன் உயர் நீதிமன்றமே உட்கார்ந்தது. வழக்குக்குக் காரணமான கார் ஒரு பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ். 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று பெயர் பெற்ற பந்தயக் கார். 1929இல் உல்ஃப் பர்னாட்டோவும் டிம் பிர்கினும் ஓட்ட, பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. 1930இல் பர்னாட்டோவும் க்ளென் கிட்ஸ்டனும் ஓட்ட, மறுபடியும் வென்றது. அதன் உரிமையாளர் 1990 ஏப்ரலில் ஒரு நிறுவனத்துக்கு 1 கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் போட்டார். பிறகு வாங்கியவர்கள் பின்வாங்கினார்கள். 'நீங்கள் விற்பது அந்த ஓல்ட் நம்பர் ஒன்னே இல்லை' என்பது அவர்கள் வாதம்.

அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பந்தயக் கார் என்பது ஒவ்வொரு பருவத்திலும் பிரிக்கப்படும், தேய்ந்தது வீசப்படும், புதியது பூட்டப்படும். 1932இல் அந்தக் காருக்கு 8 லிட்டர் இன்ஜின் போட்டார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத்தில் கார் சாய்வுத் தடத்தின் உச்சியைத் தாண்டிப் பறந்து விழுந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்துபோனார். நொறுங்கிய காரைப் பர்னாட்டோ மீண்டும் கட்டச் செய்தார், இந்த முறை சாலையில் ஓட்டும் மூடிய காராக. 1929இல் வென்ற காரின் உலோகத்தில் 1990 வரை மிஞ்சியிருந்தது மிகச் சொற்பம். நீதிபதி ஆட்டன் இதை மறுக்கவில்லை. 'ஒரிஜினல்' என்ற சொல்லை இந்தக் காருக்குத் தர முடியாது என்றே எழுதினார்.

ஆனாலும் அதுதான் ஓல்ட் நம்பர் ஒன் என்று தீர்ப்பளித்தார். புதிய பாகங்கள் ஒரே நாளில் வந்து காரை விழுங்கிவிடவில்லை, பல ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தன, எந்தக் கட்டத்திலும் அது தன் அடையாளத்தை இழக்கவில்லை என்பது அவர் கண்ட முடிவு. விலை பேசப்பட்டது உலோகத்துக்கு மட்டும் அன்று, அந்தக் காரின் வரலாற்றுக்கும் பெயருக்கும் சேர்த்துத்தான் என்றார்.

இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதிலுள்ள ஒரு வரியைக் கவனிப்பதில்லை. அந்தப் பெயருக்கு உரிமை கோரக்கூடிய வேறு பென்ட்லி எதுவும் இல்லை, இருந்ததும் இல்லை என்கிறார் நீதிபதி. மொத்தத் தீர்ப்பும் இதன் மேல்தான் நிற்கிறது என்பது என் கருத்து. கழற்றிப் போட்ட பழைய சேஸியை யாரோ பொறுக்கி எடுத்து, அதன் மேல் ஒரு பென்ட்லியைக் கட்டி, 'லே மானில் வென்றது இந்த இரும்பு' என்று வந்து நின்றிருந்தால் வழக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்குமோ! ஒரு காரின் பாகங்கள் அத்தனையும் மாறலாம். அதன் வரலாறு ஒரே கோடாக ஓடும் வரை அடையாளத்துக்குக் கேடில்லை. கோடு இரண்டாகப் பிரியும்போதுதான் தகராறு பிறக்கிறது.

நீங்கள் கேட்ட ஜாகுவார் விஷயம் இப்படிப் பிரிந்த கதைதான். 1955, 56, 57 மூன்று ஆண்டும் லே மானை வென்ற டி-டைப் காருக்கு நம் ஆஸ்டினைப் போல நீளச் சேஸி கிடையாது. ஓட்டுநர் உட்காரும் நடுப்பகுதி தகட்டால் ஆன ஒரே கூடு. இன்ஜினைத் தாங்குவது முன்னால் இருக்கும் குழாய்ச் சட்டம். 1954இல் செய்த கார்களில் இரண்டையும் வெல்டு வைத்து ஒட்டியிருந்தார்கள். 1955 முதல் போல்ட்டு போட்டு முடுக்கினார்கள். பந்தயத்தில் முன்பக்கம் அடிபட்டால் சட்டத்தை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ள அது வசதி. கழற்றிய சட்டம் எங்காவது ஒரு மூலையில் கிடக்கும். அந்தக் காலத்தில் அது பழைய இரும்பு. பல ஆண்டு கழித்து டி-டைப்பின் விலை ஏறுகிறது. ஒருவர் அந்தச் சட்டத்தை வாங்கி, பின்னால் புதுக்கூடு செய்து ஒரு காராக்குகிறார். இன்னொருவரிடம் பழைய கூடும், மாற்றிப் போட்ட சட்டமும் இருக்கின்றன. இருவரிடமும் அசல் உலோகம் இருக்கிறது, இருவரும் ஒரே எண்ணைச் சொல்கிறார்கள். இருவரில் யாரும் திருடர் இல்லை. இருவரும் நல்ல நம்பிக்கையில் பணம் போட்டவர்களாகக்கூட இருக்கலாம்.

தொழிற்சாலைகளே இந்தக் குழப்பத்துக்கு விதை போட்டிருக்கின்றன. பந்தய அணிகள் நாடு விட்டு நாடு போகச் சுங்கப் பத்திரம் வேண்டும், அதில் காரின் எண் இருக்கும். தயாராக இருக்கும் கார் ஒன்று, பத்திரம் இருப்பது இன்னொன்றுக்கு என்றால், தகட்டைக் கழற்றி இதில் மாட்டிக்கொண்டு எல்லையைக் கடந்தார்கள். அன்று அது யாருக்கும் தவறாகப் படவில்லை. அடுத்த மாதம் நடக்கும் பந்தயத்தைத்தான் பார்த்தார்கள், அறுபது ஆண்டு கழித்து வரப்போகும் ஏலத்தை யார் நினைத்தார்? இத்தாலியில் மோதி நசுங்கி வந்த காருக்குத் தொழிற்சாலையே புதுச் சேஸி போட்டு, பழைய எண்ணையே அதில் அடித்து அனுப்பியதும் உண்டு. பழைய சேஸி குப்பைக்குப் போயிற்று. குப்பையிலிருந்து திரும்பியும் வந்தது. 1962 முதல் 1964 வரை செய்த ஃபெராரி 250 ஜிடிஓ ஒன்று 2018இல் 4.84 கோடி டாலருக்கு ஏலம் போனது. அப்படிப்பட்ட உலகத்தில் எந்த இரும்பும் குப்பையாகவே இருந்துவிடாது.

நல்லெண்ணமே இல்லாமல் பிரிந்த கார்களும் உண்டு. 0384ஏஎம் என்ற எண்ணுள்ள ஃபெராரி 375 பிளஸ், 1954இல் தொழிற்சாலை அணிக்காக ஓடிய கார். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்காரர் ஒருவர் 1958இல் அதை வாங்கித் தன் இடத்தில் போட்டு வைத்திருந்தார். 1980களில் திருடர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கார் பெல்ஜியத்தில் போய்ச் சேர்ந்தது. அங்கே அது சீரமைக்கப்பட்டுப் பளபளவென்று நின்றது. ஒஹையோ குடும்பத்திடமோ உரிமைப் பத்திரமும் திருடர்கள் விட்டுப்போன சில பாகங்களும் இருந்தன. பேச்சுவார்த்தை, வழக்கு என்று இழுத்து, 2014இல் இங்கிலாந்தின் குட்வுட்டில் 1 கோடியே 7 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. அதோடு முடிந்ததா? ஏலத்துக்குப் பிறகும் லண்டனிலும் ஒஹையோவிலும் வழக்குகள் நடந்தன.

இப்படிப்பட்ட கார்களைப் பரிசோதிப்பவர்கள் முதலில் எண்ணை நம்புவதில்லை. எண் அடித்த விதத்தைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு தொழிற்சாலையும் எண் அடிக்கும் பஞ்சுக்கு எழுத்து வடிவம் வேறு, இடைவெளி வேறு, அடிக்கும் கையின் சாய்வு வேறு. ராவிய எண்ணும் முழுதாக மறைவதில்லை. பஞ்சு விழும்போது அடியிலுள்ள உலோகம் இறுகிவிடும், மேற்பரப்பைத் தேய்த்த பின்னும் அமிலம் தடவினால் பழைய எண் மேலெழுவது உண்டு. உங்கள் மெக்கானிக்கிடம் இதைச் சொல்லுங்கள். அப்புறம் வெல்டு எந்தக் காலத்து முறை, குழாயின் கனம் என்ன, பெயின்டின் அடுக்குகள் எத்தனை, பானெட்டின் உள்பக்கத்தில் பாடி கட்டியவர்கள் அடித்த எண் பொருந்துகிறதா என்று போகும். கடைசியில் பழைய புகைப்படங்கள். கையால் தட்டிய பாடியில் ரிவெட் வரிசையின் ஒரு கோணல்கூட அந்தக் காருக்கே உரியது.

இவ்வளவு பார்த்தும் பெரிய ஏல நிறுவனங்கள் தடுமாறியிருக்கின்றன. 2007இல் கிறிஸ்டீஸ் நிறுவனம் பாரிசில் ஏலம் விட இருந்த ஆட்டோ யூனியன் டி-டைப் பந்தயக் காரை, அது எந்தச் சேஸி, எந்தப் பந்தயத்தில் ஓடியது என்ற சந்தேகம் எழுந்ததால் நிறுத்தி வைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தக் கார்கள் சோவியத் நாட்டுக்குப் போய்ச் சிதறியவை. பாகங்களாகத் திரும்பி வந்தவற்றுக்கு ஒரே கோடான வரலாறு எப்படி இருக்கும்?

காகிதங்களைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. சர்வதேச மோட்டார் சம்மேளனமான எஃப்ஐஏ தரும் வரலாற்றுத் தொழில்நுட்பப் பாஸ்போர்ட்டைப் பலர் பிறப்புச் சான்றிதழ் போல நீட்டுவார்கள். அந்தக் கார் குறிப்பிட்ட காலத்தின் பந்தய விதிகளுக்குப் பொருந்துகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. கார் அசலா என்று அது உறுதி தருவதில்லை.

நகல் செய்வதையே நான் எதிர்க்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மசராட்டி 250எஃப் காரின் மிச்சப் பாகங்களை வைத்து இங்கிலாந்தில் கேமரன் மில்லர் சில கார்களைக் கட்டினார். அவற்றுக்குத் தன் பெயரின் முதலெழுத்துகளான சிஎம் என்று தொடங்கும் எண்களைத் தந்தார். ஐம்பது ஆண்டு கழித்து வாங்குகிறவரும் ஏமாற மாட்டார். ஜாகுவார் நிறுவனம் 2016இல் ஒன்பது எக்ஸ்கேஎஸ்எஸ் கார்களைப் புதிதாகச் செய்வதாக அறிவித்தது. 1957 பிப்ரவரியில் அதன் தொழிற்சாலையில் பற்றிய தீயில் எரிந்துபோன ஒன்பதுக்கு ஈடாக. ஆனால் எரிந்தவற்றின் எண்களைத் தராமல், வேறு எண்களைத் தந்தார்கள். எனக்கு அது மிகவும் பிடித்தது. அதற்கு இரண்டாண்டு முன்பு அதே நிறுவனம், 1963இல் ஒதுக்கிவைத்துப் பயன்படுத்தாமல் விட்ட ஆறு எண்களில் இலகு எடை இ-டைப்களைச் செய்ய முன்வந்தது. அது ஏமாற்று இல்லை, எல்லாம் அறிவித்துச் செய்தார்கள். இருந்தாலும் 2014இன் உலோகத்தில் 1963இன் எண்ணைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

இனி உங்கள் ஏ-40. அப்பா டீசல் இன்ஜின் போட்டதால் அது தாத்தாவின் கார் இல்லாமல் போய்விடவில்லை, அதுவும் அதன் வரலாறுதான். சேஸியில் துரு தின்ற பகுதியை வெட்டி எடுத்து, அதே கனத்தில் தகடு வளைத்து வெல்டு வைத்தாலும் போய்விடாது. உங்கள் தம்பி அஞ்சுவது எண்ணை மாற்றி அடிப்பதை என்றால் அவர் சொல்வது முழுக்கச் சரி. நல்ல சேஸியில் உங்கள் எண் ஏறிய நிமிடத்தில் உங்கள் பழைய சேஸி என்ன ஆகும்? இரும்புக்கடைக்குப் போகும். எண் அடித்த இடம் நன்றாகவே இருந்தால், அதை எடுத்து யாரோ இன்னொரு ஏ-40 கட்டலாம். அப்போது உங்கள் தாத்தாவின் கார் இரண்டாகிவிடும், அசல் இரும்பு உள்ள கார் உங்கள் வீட்டில் இருக்காது. ராவிய சேஸிக்குச் சொந்தமான காரோ அடையாளமே இல்லாமல் அழிந்துபோகும்.

ஏ-40க்குப் பாடி வேறு, சேஸி வேறு என்பது உங்கள் அதிர்ஷ்டம். பாடியைத் தூக்கி வைத்துவிட்டுச் சேஸியை நிதானமாகச் சரிசெய்யலாம். நல்ல வெல்டர் கிடைத்தால் மெக்கானிக் பயமுறுத்தும் அளவுக்குச் செலவும் ஆகாது. வேலைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பக்கமும் படம் எடுங்கள். வெட்டிய துண்டுகளை வீசாமல் தேதி எழுதிக் கட்டி வையுங்கள். பெட்ரோல் இன்ஜின் வேறொரு ஏ-40யிலிருந்து வருமானால் அதன் எண்ணை அப்படியே விட்டு, அந்த எண்ணை ஆர்.சி.யில் ஏற்றச் சொல்லுங்கள். முழுச் சேஸியையும் மாற்றியே தீரவேண்டும் என்று வந்தால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் எழுத்து மூலம் கேளுங்கள், பட்டறையில் யாரும் பஞ்சைக் கையில் எடுக்கக் கூடாது.

2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகனப் பதிவு விதிகளும் உங்களுக்குப் பயன்படும். முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 'விஏ' வரிசையில் பதிவு உண்டு. சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை, ஆகவே டீசல் இன்ஜினை இறக்கிய பிறகு விண்ணப்பியுங்கள். ஏற்கெனவே உள்ள பழைய பதிவு எண்ணையே வைத்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது.

மெக்கானிக் சொன்ன அந்தச் சேஸியை வாங்க நினைத்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த வண்டி யார் பெயரில் இருந்தது என்று முதலில் விசாரியுங்கள். அதன் ஆர்.சி. புத்தகம் யாராவது ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கும்.