கணக்கில் வராத ஊசி

கேள்வி: காய்ச்சல், சிறுநீர்த் தொற்று என்று சேலத்துக்குப் போனால் ‘கல்ச்சர்’ எடுக்கச் சொல்கிறார்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகிறது. அதற்குள் மருந்தையும் ஆரம்பித்துவிடுகிறார்கள். பிறகு எதற்கு அந்தப் பரிசோதனை? ஆஸ்பத்திரிகள் ஆன்டிபயாடிக் கணக்கு வைப்பதால் நோயாளிக்கு என்ன பயன்?
– வாசகர், பனமரத்துப்பட்டி

பதில்: முடிவு வரும்வரை மருத்துவர் காத்திருக்க முடியாது. எந்தக் கிருமியாக இருக்கும், எந்த மருந்துக்கு அடங்கும் என்று ஊகித்துத்தான் முதல் மருந்தை எழுதுகிறார். அந்த ஆஸ்பத்திரிக்கு முன்பு வந்தவர்களின் கல்ச்சர் முடிவுகளைக் கிருமிவாரியாகத் தொகுத்த அட்டவணை (ஆன்டிபயோகிராம்) கையில் இருந்தால் ஊகம் பெரும்பாலும் தப்பாது. இல்லாத இடத்தில் பயம்தான் மருந்தை எழுதும். எதற்கும் இருக்கட்டும் என்று வலுவான ஊசியே போகும். தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021–22-இல் 20 ஆஸ்பத்திரிகளில் எடுத்த கணக்கில், உள்நோயாளிகளில் 71.9 சதவீதம் பேருக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டிருந்தது. பாதிக்கும் மேல் முன்தடுப்பாகக் கொடுத்தவை. சிகிச்சையாகக் கொடுத்தவற்றிலும், கிருமி இன்னதென்று தெரிந்த பின் எழுதியது 6 சதவீதம்தான். எண்ணிப் பார்த்ததால்தான் இதுவே வெளியே தெரிந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013 முதல் கிருமிகளின் மருந்து எதிர்ப்புத்திறனைக் கண்காணிக்கும் வலையமைப்பை நடத்துகிறதே, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியும் அதில் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. அப்படிப்பட்ட பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு வருவோரில் பலர் ஏற்கெனவே வேறு இடங்களில் மருந்து எடுத்து அலுத்தவர்கள். அவர்கள் உடலில் அடங்காத கிருமி அதிகம். அந்த எண்ணை அப்படியே உங்கள் ஊர்ச் சிறுநீர்த் தொற்றுக்குப் பொருத்தினால், சாதாரண மாத்திரையில் தீர வேண்டியதற்கும் கடைசி மருந்து போய்ச் சேரும். ஆகவே கணக்கு உள்ளூர்க் கணக்காக இருக்க வேண்டும். அட்டவணையை நம்ப ஒவ்வொரு கிருமிக்கும் குறைந்தது 30 மாதிரிகளாவது தேவை. சிறு ஆஸ்பத்திரிக்குத் தனியாக அது சேராது. சுற்றுவட்டாரத்து ஆஸ்பத்திரிகள் முடிவுகளை ஒன்றாகச் சேர்ப்பதே வழி. எவ்வளவு மருந்து செலவாகிறது என்று எண்ண அந்தச் சிரமமும் இல்லை. செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசிக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஒரு நாள் அளவு 2 கிராம். மாதம் செலவான கிராமை 2-ஆல் வகுத்து, நோயாளிகள் படுக்கையில் இருந்த மொத்த நாட்களோடு வைத்துப் பார்த்தால், எந்த வார்டில் ஊசி கூடுகிறது என்று தெரிந்துவிடும். ஸ்டோர் பதிவேடும் ஒரு மருந்தாளுநரும் போதும்.

உயிருக்குப் போராடுபவருக்குக் கல்ச்சர் எடுப்பதால் தாமதம் ஆகாதா? ஆகாது. முதல் ஊசிக்கு முன் ரத்தம் எடுக்கச் சில நிமிடம்தான். இரண்டு மூன்று நாளில் வரும் முடிவைப் பார்த்து மருந்தை நிறுத்துவதா, எளிய மருந்துக்கு மாற்றுவதா என்று தீர்மானிக்கலாம். அந்த மறுபார்வை நடக்காவிட்டால் கல்ச்சருக்குக் கொடுத்த காசு வீண்தான். உங்கள் கேள்வியின் நியாயம் அங்கே இருக்கிறது. பக்கத்தில் நாமக்கல் இருக்க, கோழிப்பண்ணைகளை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிகளைச் சொல்வதா என்றும் சிலர் கேட்பார்கள். பண்ணைகளுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் கடைசி மருந்துகளில் ஒன்றான கொலிஸ்டினைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்க 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது. ஆனால் வார்டில் தேவையில்லாமல் போகும் ஊசியைப் பண்ணைத் தடை நிறுத்தாது.

அடுத்த முறை உங்கள் வீட்டில் யாரையாவது அட்மிட் செய்தால், ‘ஊசிக்கு முன்னாடி கல்ச்சர் எடுத்தாச்சுங்களா?’ என்று கேளுங்கள். மூன்றாம் நாள் முடிவைக் கேட்டு வாங்கி, பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த தொற்றுக்கு மருந்து எழுதும் மருத்துவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் காகிதத்தைத்தான்.