போர்ட்ஃபோலியோவில் ஒரு ஷூ டப்பா

புராடக்ட் டிசைனர் வேலைக்கு வரும் போர்ட்ஃபோலியோக்களைப் புரட்டிப் பாருங்கள். ஒருவர் எலெக்ட்ரிக் பைக் செய்திருப்பார், இன்னொருவர் ஸ்மார்ட் வாட்ச், மூன்றாமவர் 2050-ல் ஓடப்போகும் கார். ரெண்டர் எல்லாம் பளபளக்கும். இன்டர்வியூ எடுப்பவர் அரை நிமிஷம் பார்த்துவிட்டு, "இதை எப்படித் தயாரிப்பீங்க?" என்று கேட்பார். அங்கேயே பாதிப்பேர் அவுட்.

நீங்கள் ஒரு ஷூ டப்பா செய்யுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், உள்ளே இருப்பது வெளியே தெரியும், கீழே இருப்பதை எடுக்க மேலே இருப்பதைக் கலைக்க வேண்டாம் என்கிற வகை. கேட்க அல்பமாக இருக்கும். ஆனால் எடை, அளவு, மோல்டு, விலை, கூரியர், காப்புரிமை என்று டிசைன் வேலையில் வரும் தலைவலிகள் பெரும்பாலும் இதற்குள் இருக்கின்றன. ஒரு சின்னப் பொருளைக் கடைசி ஸ்க்ரூ வரை யோசித்தவர் பத்து ரெண்டர் போட்டவரைச் சுலபமாக முந்துவார். மார்க்கெட்டும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் ஷூ; செய்யாறு சிப்காட்டில் ஸ்போர்ட்ஸ் ஷூ. ஷூ செய்கிறவர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு ஷூ வைக்கும் பொருளைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் அதிகம் இல்லை. அந்த இடம் காலி.

1. யாருக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கையில் டேப்போடு தி.நகரில் ஒரு செருப்புக்கடைக்குள் போய் நில்லுங்கள். தரையிலிருந்து கூரை வரை அட்டைப்பெட்டி. "எட்டு சைஸ் காட்டுங்க" என்றதும் சேல்ஸ்மேன் நடுவிலிருந்து ஒன்றை உருவுவார். மேலே இருப்பவை லேசாக இறங்கி உட்காரும். அவருக்கு வேண்டியது இரண்டுதான்: நெற்றியில் பெரிதாக சைஸ் நம்பர், உருவினால் சரியாத அடுக்கு. டப்பா கண்ணாடிபோல இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்குக் கவலையில்லை.

ஃபிளாட்டில் இருப்பவரின் பிரச்சினை வேறு. ஷூ வாசலுக்கு வெளியே இருக்கும். காரிடாரில் ஒரு அடி இடத்தை அடைத்தாலே அசோசியேஷனிலிருந்து ஃபோன் வரும். அவருக்கு ஆழம் குறைவாக வேண்டும், தூசி போகக்கூடாது, மழையில் நனைந்த ஷூவை வைத்தால் நாறக்கூடாது.

ஸ்னீக்கர் சேர்ப்பவர் மூன்றாவது ரகம். அவர் ஷூவைப் போடுவதைவிடக் காட்டுவதற்கு வாங்குகிறார். ஷூவின் அழகு பக்கவாட்டுத் தோற்றத்தில் இருக்கிறது. குதிகாலைக் காட்டும் டப்பாவை அவர் வாங்கமாட்டார். ஆகவே கதவு நீளப் பக்கத்தில் வரவேண்டும்.

மூன்று பேருக்கும் ஒரே டப்பா என்று கிளம்பினால் மூவருமே வாங்கமாட்டார்கள். ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். ஏன் அவர் என்பதற்கு இரண்டு வரியில் பதில் வைத்திருங்கள். காசு அதிகம் கொடுப்பவர் அவர் என்பதும் மரியாதையான பதில்தான்.

2. ஷூவை அளங்கள், கூகுளை நம்பாதீர்கள்

யுகே அளவில் ஒரு சைஸ் கூடினால் நீளம் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது சுமார் 8.5 மி.மீ. கூடும். 7-க்கும் 11-க்கும் இடையே 34 மி.மீ. வித்தியாசம். உங்கள் காலுக்கு ஏற்ப டப்பா செய்துவிட்டு, இன்டர்வியூ எடுப்பவர் தன் 11 சைஸ் ஷூவைக் கழற்றி வைத்துப் பார்த்தால் கதை கந்தல். பாதத்தின் நீளமும் ஷூவின் வெளி நீளமும் ஒன்றல்ல என்பதையும் மறக்காதீர்கள். ரன்னிங் ஷூவின் சோல் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும். கணுக்காலை மூடும் ஷூவுக்கு உயரம் தனி. ஹை ஹீல்ஸை விடுகிறீர்களா, சேர்க்கிறீர்களா என்பதையும் சொல்லிவிடுங்கள். விட்டால் தப்பில்லை, விட்டதே தெரியாமல் இருந்தால்தான் தப்பு.

3. எடை எந்த வழியாகக் கீழே இறங்குகிறது?

ஒரு ஜோடி ஒரு கிலோ, டப்பா 600 கிராம் என்று வையுங்கள். எட்டு அடுக்கினால் அடி டப்பாவின் தலையில் 11.2 கிலோ. பெரிய எடை இல்லை. ஆனால் முன்பக்கம் திறக்கும் டப்பாவில் நான்கு சுவரில் ஒன்று கதவாகிவிட்டது. கதவு எடை தாங்காது, தாங்கவும் கூடாது. தாங்கினால் திறக்கும்போது இறுகும். எடை மூலைகள் வழியாக இறங்கவேண்டும். கதவைச் சுற்றி ஒரு சட்டம் இல்லாவிட்டால் டப்பா பக்கவாட்டில் சாய்ந்து செவ்வகம் இணைகரமாகிவிடும். மூலைத் தூணும் முன்சட்டமும்தான் இந்தப் பொருளின் எலும்பு. டிராயிங்கில் அதைத் தனி நிறத்தில் காட்டுங்கள்.

பிளாஸ்டிக்குக்கு இன்னொரு குணம் உண்டு. இன்று தாங்கும் எடையின் கீழ் ஆறு மாதம் கழித்து மெதுவாகத் தொய்யும். க்ரீப் என்பார்கள். வெயில் காலத்தில் மூடிய வீட்டுச் சூட்டில் இன்னும் வேகமாகத் தொய்யும். கணக்கில் வந்த எடையைப்போல மூன்று மடங்கை ஏற்றி, சூடான அறையில் சில வாரம் வைத்து, முன்னும் பின்னும் அளந்து எழுதிவையுங்கள். இந்த ஒரு பக்கத்தைப் பார்த்தாலே சீனியர் டிசைனர் நிமிர்ந்து உட்காருவார்.

4. மோல்டு பேச்சைப் பேசக் கற்றுக்கொள்ளுங்கள்

இன்டர்வியூவில் உங்களைத் தனித்துக் காட்டப்போவது இதுதான், நேரத்தை இங்கே கொட்டுங்கள்.

இன்ஜெக்‌ஷன் மோல்டிலிருந்து பொருள் வெளியே வரவேண்டுமானால் சுவர் லேசாகச் சரிந்திருக்கவேண்டும். இந்தச் சரிவுக்கு டிராஃப்ட் ஆங்கிள் என்று பெயர். ஒரு டிகிரி என்று சாதாரணமாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முன்பக்கம் திறந்த 35 செ.மீ. ஆழமுள்ள டப்பாவில் ஒரு டிகிரி என்றால் பின்முனையில் மேல் சுவர் 6 மி.மீ. இறங்கும், கீழ் சுவர் 6 மி.மீ. ஏறும். டப்பா ஆப்பு வடிவமாகிவிட்டது. எட்டு அடுக்கினால் பின்பக்கம் கிட்டத்தட்ட 10 செ.மீ. தாழும், மொத்த அடுக்கும் பின்னால் சாயும். ஸ்க்ரீனில் இது கண்ணுக்கே தெரியாது. பின்பக்கம் உயரமான கால் வைப்பீர்களா, ரிப் வைத்து மேல்தளத்தைச் சமன் செய்வீர்களா, டப்பாவையே தனித்தனித் தகடுகளாகப் பிரித்துக் கோப்பீர்களா? எதைத் தேர்ந்தாலும் காரணம் சொல்லுங்கள்.

அடுத்தது சுருக்கம். பாலிப்ரொப்பிலீன் (டூல் ரூமில் பிபி என்பார்கள்) ஆறும்போது சுமார் ஒன்றரை சதவீதம் சுருங்கும். ஏபிஎஸ் சுமார் அரை சதவீதம். 35 செ.மீ. நீளத்தில் முதலாவது 5 மி.மீ.க்கு மேல் குறையும், இரண்டாவது 2 மி.மீ.க்கும் கீழேதான். "மெட்டீரியலை மட்டும் மாத்திடலாம், மோல்டு அதேதான்" என்று மேனேஜர் சொன்னால் அடுக்கும் விளிம்பு ஒன்றோடொன்று உட்காராது. மீட்டிங்கில் இதைச் சொல்லத் தெரிந்த ஜூனியரை யாரும் மறக்கமாட்டார்கள்.

மெட்டீரியல் தேர்விலும் பேராசை வேண்டாம். அக்ரிலிக் கண்ணாடிபோல இருக்கும், கீழே விழுந்தால் உடையும். பாலிகார்பனேட் உடையாது, விலை ஏறும். பிபி மலிவு, மெல்லிய கீலை அதிலேயே வார்த்துவிடலாம், மடக்கி மடக்கித் திறந்தாலும் சட்டென்று உடையாது. ஆனால் முழுத்தெளிவு வராது. உடம்பு பிபி, கதவு மட்டும் தெளிவான பிளாஸ்டிக் என்று பிரிப்பவர்கள் புத்திசாலிகள். சுவருக்குப் பின்னால் ரிப் வைத்தால் அதன் கனம் சுவரில் பாதியைச் சுற்றி இருக்கட்டும்; மீறினால் முன்பக்கம் குழி விழும். அந்தக் குழிக்கு சிங்க் மார்க் என்று பெயர், கஸ்டமருக்கோ அது டிஃபெக்ட் பீஸ்.

இதெல்லாம் யூடியூபில் பாதிதான் வரும். மீதிக்கு அம்பத்தூரில் ஒரு டூல் ரூமுக்குப் போங்கள். கிண்டியில் 1968-லிருந்து இயங்கும் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டின் குறுகிய காலப் பயிற்சிகளை விசாரியுங்கள். டூல் மேக்கரிடம் "சார்" போட்டுப் பேசுங்கள், டீ வாங்கிக் கொடுங்கள், டிராயிங்கில் அவர் சிவப்புப் பேனாவால் கிறுக்கினால் அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். காலேஜ் சர்ட்டிஃபிகேட்டைவிட அந்தத் தாள் இன்டர்வியூவில் அதிகம் பேசும்.

5. காற்றுக்குக் கூரியர் காசு கட்டாதீர்கள்

கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான வழக்கம். 36, 26, 20 என்றால் 3.7 கிலோ. உங்கள் டப்பாவோ ஒரு கிலோகூட இல்லை. மூன்று கிலோ காற்றுக்கு யார் பணம் கட்டுவது?

காலியாக இருக்கும்போது ஒன்றுக்குள் ஒன்று நுழைய சுவர் சரிந்திருக்கவேண்டும். நிறைந்திருக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று நிற்க சுவர் நேராக இருக்கவேண்டும். இரண்டும் மோதும். கிடங்குகளில் ஒருவகைப் பிளாஸ்டிக் கிரேட் இதற்கு வழி கண்டிருக்கிறது: ஒரு பக்கமாக வைத்தால் உள்ளே நுழையும், 180 டிகிரி திருப்பி வைத்தால் மேலே நிற்கும். ஷூ டப்பாவுக்கு அது ஒத்துவராது என்றால் தகடாகப் பிரித்து அனுப்புங்கள். அப்போது வீட்டில் கோக்கும் வேலை கஸ்டமர் தலையில் விழும். ஸ்க்ரூடிரைவர் தேவைப்பட்டால் ரிட்டர்ன் வரும் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கிங்கில் மிச்சம் பிடிப்பதும் டிசைன்தான். 2010-ல் பியூமாவுக்காக டிசைனர் இவ் பெஹாரின் ஃபியூஸ்புராஜெக்ட் நிறுவனம் ஷூ அட்டைப்பெட்டியையே மறுபடி யோசித்தது. மடித்த ஒரே அட்டையும் வெளியே ஒரு பையும். அட்டை 65 சதவீதம் குறைந்தது. உலகம் முழுக்கப் பேசப்பட்ட அந்த வேலையின் பொருள், ஒரு ஷூ டப்பா. அல்பம் என்று யாராவது சிரித்தால் இதைச் சொல்லுங்கள்.

6. மூச்சு விடட்டும்

காற்றுப்புகாத டப்பா நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். போட்டுக் கழற்றிய ஷூவில் வியர்வை இருக்கும், அடைத்துவைத்தால் பூஞ்சை. பாலியூரிதேன் மிட்சோலுக்கு ஈரம் எமன். வருஷக்கணக்கில் வைத்த ஸ்னீக்கரின் அடி பொடிப்பொடியாக உதிர்வது அதனால்தான். பின்சுவரில் துளை வையுங்கள், கரப்பான் நுழையாத அளவில். சிலிக்கா ஜெல்லுக்கு ஒரு பொந்து விடுங்கள். வெயில் படும் ஷெல்ஃபில் வெள்ளை சோல் மஞ்சளாகும் என்று லேபிளிலேயே எச்சரியுங்கள்.

7. இணைப்பில்தான் வியாபாரம்

லெகோவின் 1958 வடிவக் கட்டைமீது இன்றைய கட்டையும் உட்காரும். அதிலிருந்து பாடம் எடுங்கள். இரண்டு டப்பா வாங்கியவர் அடுத்த பத்தையும் உங்களிடமே வாங்கவேண்டுமானால் அடுக்கும் விளிம்பின் அளவை முதல் வெர்ஷனிலேயே நிறுத்திவிடுங்கள். கதவை மாற்றுங்கள், நிறத்தை மாற்றுங்கள், விளிம்பைத் தொடாதீர்கள். போட்டியாளரின் டப்பா உங்களுடையதன்மேல் உட்காரக்கூடாது என்று நினைப்பதில் தப்பே இல்லை. கம்பெனிகள் அப்படித்தான் யோசிக்கின்றன. அப்படி யோசிப்பவரைத்தான் வேலைக்கும் எடுக்கின்றன.

8. காட்டும்போது

முதல் பக்கத்தில் ரெண்டர் வேண்டாம். செருப்புக்கடைச் சுவரின் ஃபோட்டோவைப் போடுங்கள். அடுத்து அட்டையில் வெட்டிய மாடல்கள், உடைந்தவை உட்பட. அதற்கடுத்து விலைக் கணக்கு. உதாரணமாக, மோல்டு ஆறு லட்சம், இருபதாயிரம் பீஸ் விற்கும் என்று எடுத்தால் ஒவ்வொரு டப்பாவின் தலையிலும் மோல்டுக்காக மட்டும் 30 ரூபாய். அதன்மேல் மெட்டீரியல், மெஷின் நேரம், பேக்கிங், கடைக்காரர் மார்ஜின். நம்பர் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் யாரும் அடிக்கமாட்டார்கள். நம்பரே இல்லாதவரை இரண்டாவது ரவுண்டுக்குக் கூப்பிடுவதில்லை.

டீம் புராஜெக்ட் என்றால் உங்கள் பங்கு எது என்று தெளிவாக எழுதுங்கள். "நாங்கள்" என்றே பேசிக்கொண்டிருந்தால் கிரெடிட் அடுத்தவருக்குப் போகும்.

9. போஸ்ட் போடும் முன்

பலர் சறுக்கும் இடம். இந்தியாவில் 2000-ம் ஆண்டின் டிசைன் சட்டப்படி ஒரு பொருளின் தோற்றத்தைப் பதிவு செய்தால் முதலில் 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5 வருடம் பாதுகாப்பு. ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே ஊருக்குக் காட்டிவிட்டால் அது புதியது என்று கேட்க முடியாது. இன்ஸ்டாகிராம் போஸ்ட்டும் ஊருக்குக் காட்டுவதுதான். இந்தப் பதிவு கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை மட்டும் காக்கும். பூட்டிக்கொள்ளும் மெக்கானிசம் புதியது என்றால் அதற்கு பேட்டன்ட், 20 வருடம், தனி விண்ணப்பம்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் ஆஃபர் லெட்டரில் ஐபி (அறிவுசார் சொத்து) ஷரத்தைப் படியுங்கள். ஆஃபீஸ் லேப்டாப்பில், ஆஃபீஸ் நேரத்தில் வரைந்த டப்பா பெரும்பாலும் ஆஃபீஸுக்கே சொந்தம். சொந்த லேப்டாப், சொந்த நேரம், தேதி போட்ட ஸ்கெட்ச் புக் என்று பழகிக்கொள்ளுங்கள். ஃபிரீலான்சர்கள் அட்வான்ஸ் கைக்கு வரும்முன் கேட் (CAD) ஃபைலை அனுப்பாதீர்கள், பிடிஎஃப் போதும். லிங்க்ட்இன்னில் போடத்தான் கை துறுதுறுக்கும். விண்ணப்ப நம்பர் வரட்டும், அப்புறம் போடுங்கள்.