எம்.எல்.ஏ.விடம் எதைக் கேட்பது?

கேள்வி: சட்டசபையில் எங்கள் ஊருக்காக என்ன பேசினார் என்பதை எம்.எல்.ஏ. எங்களிடம் வந்து சொல்வது கட்டாயமா?

பதில்: சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கேட்கத்தான் வேண்டும்.

"தொகுதிக்கு என்ன செய்தீர்கள்?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். பயணியர் நிழற்குடையையும் ஹைமாஸ் விளக்கையும் காட்டுவார்கள். தமிழ்நாட்டில் அவை பெரும்பாலும் தொகுதி மேம்பாட்டு நிதியில் வருபவை. ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். நல்ல வேலைதான். ஆனால் சபை வேலை வேறு.

ஏரியின் வரத்துக்கால்வாய் தூர்ந்து கிடக்கிறதா? அதைக் கேள்வி நேரத்திலோ, நீர்வளத் துறை மானியக் கோரிக்கையிலோ எழுப்பினாரா, அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று கேளுங்கள். அந்தப் பதிலின் வார்த்தைகள் முக்கியம். "நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்" என்றால் கையில் எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். "இந்த ஆண்டே பணி தொடங்கும்" என்றால் அது உறுதிமொழி. அது நிறைவேறியதா என்று ஆராயவே பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. பதிலைத் தேதியோடு எழுதி வாங்கி வையுங்கள்.

கிராம சபையில் தீர்மானம் போட்டு, நகலை அவரிடம் கொடுங்கள். ஊரே கேட்கிறது என்று சட்டசபையில் பேச அவருக்கும் அது பலம்.