வனவிலங்கு வாழிடங்களும் நகர அமைப்புத் திட்டமும்

கல்யாண் நகரை ஒட்டிப் பாயும் உல்ஹாஸ் ஆறு, தானே நகருக்கருகில் இரு கிளைகளாகப் பிரிகின்றது. ஒரு கிளை மேற்கே வசை நோக்கிச் செல்ல, மற்றொன்று தெற்கே தானே உப்பங்கழியுடன் இணைகின்றது. இக்கழியின் ஒரு கரையில் மும்பையும் மறுகரையில் நவி மும்பையும் அமைந்துள்ளன. மக்கள் நெருக்கம் மிகுந்த இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஆண்டுதோறும் குளிர்காலத்தில் பல்லாயிரம் பூநாரைகள் வந்து, கோடைவரை தங்குகின்றன.

1. சரணாலயத்தின் எல்லை

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 2015இல் இக்கழியின் ஏறத்தாழ 1,690 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாக மகாராஷ்டிர அரசு அறிவித்தது. இதில் அலையாத்திக் காடும் நீர்ப்பரப்பும் அடங்கும். 2022இல் இக்கழி ராம்சர் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

எனினும், வரைபடத்தில் இடப்பட்ட கோட்டைப் பறவைகள் அறியா. நீர் வற்றும்போது வெளிப்படும் சேற்றுப்பரப்பில் அவை பாசியையும் சிற்றுயிர்களையும் வடித்து உண்கின்றன. ஓதம் ஏறியதும் அச்சேறு மூழ்கிவிடுகின்றது. அப்போது அவை கரையோரக் குட்டைகளையும் ஏரிகளையும் நாடுகின்றன. இவற்றுட் பல, சரணாலய எல்லைக்கு வெளியே உள்ளவை. இவ்வோய்விடங்கள் அழியுமாயின், உணவுக்களம் மட்டும் எஞ்சியிருப்பதால் பயன் குறைவே.

நெரூலிலுள்ள டி.பி.எஸ். ஏரி இதற்குச் சான்றாகும். கடல்நீர் வந்து செல்லும் வழிகள் அடைபட்டமையால் 2024இல் அது வறண்டது. பொதுமக்களின் முறையீடுகளுக்குப் பின்னர், 2025இல் மாநில வனவிலங்கு வாரியம் அதனைப் பாதுகாப்பு ஒதுக்ககமாக்க ஒப்புதல் அளித்தது.

2. திட்டமிடலின் பங்கு

எல்லைக்கு வெளியேயுள்ள நிலத்தின் கதியைப் பெரிதும் நிர்ணயிப்பது நகர அபிவிருத்தித் திட்டமே. 1966ஆம் ஆண்டு மகாராஷ்டிரப் பிரதேச, நகர அமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி, பசுமை வளையங்கள், இயற்கை ஒதுக்கிடங்கள், சரணாலயங்கள் ஆகியவற்றுக்கும் இத்திட்டத்தில் இடம் ஒதுக்கலாம். 26ஆம் பிரிவின்படி நகல் திட்டம் வெளியிடப்பட்டு, பொதுமக்களின் ஆட்சேபணைகளும் யோசனைகளும் கோரப்படுகின்றன.

இதனுடன் மத்திய அரசின் இரு ஏற்பாடுகளும் இணைகின்றன. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள், அலையாத்திக் காடுகளை மிகக் கடுமையான பாதுகாப்புக்குரிய பிரிவில் வைக்கின்றன. சரணாலயத்தைச் சூழ்ந்த நிலத்துக்கு 2021இல் சூழல் கூருணர்வு மண்டலம் அறிவிக்கப்பட்டது. இவ்வாறு அறிவிக்கப்படும் மண்டலத்துக்கு மாநில அரசு தனித் திட்டம் வகுத்தல் வேண்டும்.

3. செய்யத்தக்கவை

களப்பணியாளர் ஓத நேரத்தைக் குறித்துக்கொண்டு, உயரோதத்தின்போது பறவைகள் கூடும் இடங்களையும், தேதியையும், தோராயமான எண்ணிக்கையையும் பதிவு செய்தல் வேண்டும். நீர் வந்து செல்லும் மதகும் வாய்க்காலும் திறந்துள்ளனவா என்பதையும் காண வேண்டும்.

செம்பூர், மாதுங்கா, கல்யாண் முதலிய இடங்களின் ஆசிரியர்கள், தம் பகுதியின் திட்ட வரைபடத்தை வகுப்பில் விரித்து, ஒரு நீர்நிலை எவ்வகை நிலமாகக் குறிக்கப்பட்டுள்ளது என மாணவர்களைக் கண்டறியச் செய்யலாம்.

ஆட்சேபணைக்குரிய கெடு கடந்தபின் எழும் குரலுக்கு வலிமை குறைவு. பல ஆண்டுகளாகச் சேர்த்த குறிப்பேடு கையிலிருப்பின், குறித்த நாட்களுக்குள் எழுதப்படும் ஒரே விண்ணப்பம் ஒரு குளத்தைக் காக்கக்கூடும். ஆகவே, நகல் திட்டம் வெளிவருமுன்னரே இப்பணியைத் தொடங்குதல் நலம்.