பராமரிப்பவரின் ஓய்வும் மாற்று ஆளும்

முதுமை மறதிநோய் உள்ள ஒருவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் மனைவியோ மகளோ மருமகளோ ஓய்வெடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்களேயன்றி, அவர் எழுந்து போகும் நேரத்தில் அந்த இடத்தில் யார் இருப்பது என்று கேட்பவர் மிகச் சிலரே. ஆண்டுக்கணக்கில் இப்பணியைச் செய்தவர்களின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால், ஓய்வு கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் இந்தக் கேள்வியைப் பொறுத்தே அமைகின்றன.

அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974-இல் விவரித்த பணிச்சோர்வு, அதாவது ஓயாத உழைப்பால் உடலும் மனமும் வற்றிச் செய்யும் பணியிலேயே பற்று அற்றுப்போகும் நிலை, உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆவது நோய் வகைப்பாட்டில் இடம்பெற்றுள்ளது. ஆனால் அவ்வகைப்பாடு அதனைத் தொழில் சார்ந்ததாக மட்டுமே வரையறுத்து, வாழ்வின் பிற பகுதிகளுக்குப் பொருத்தலாகாது என்கிறது. வகைப்படுத்தும் நோக்கில் இதற்குக் காரணம் இருக்கலாம். எனினும் பணிநேரமோ வார விடுமுறையோ இல்லாத வீட்டுப் பராமரிப்பாளரின் களைப்பு கணக்கில் வராமல் போவதும், பெற்ற தகப்பனைப் பார்ப்பதில் என்ன சோர்வு என்று உறவினர் கேட்பதும் ஒரே மனப்போக்கின் விளைவுகளே. உளவியலாளர் ஸ்டீவன் சாரிட் உருவாக்கிய பராமரிப்புச் சுமை அளவுகோல் இங்கே பயன்படுகிறது. தமக்கென நேரம் இல்லாமல் போகிறதா என்பது போன்ற 22 கேள்விகளுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் இட்டு, மொத்தம் 88-க்குச் சுமையைக் கணக்கிடும் அது, மருத்துவரிடமும் உடன்பிறந்தாரிடமும் பேசுவதற்கு ஒரு பிடிமானத்தைத் தருகிறது.

அடுத்தது மாற்றுப் பராமரிப்பு. வழக்கமாகப் பார்த்துக்கொள்பவர் ஓய்வெடுக்கும்பொருட்டு இன்னொருவர் குறிப்பிட்ட காலத்துக்குப் பொறுப்பேற்பதையே இச்சொல் குறிக்கிறது. இடம் மாறினால் மறதிநோயாளியின் குழப்பம் கூடும் என்பதால், அவரை வேறு வீட்டுக்கு அனுப்புவதைவிட, மாற்று ஆள் இங்கே வந்து தங்குவது பெரும்பாலும் நலம். வருபவருக்கு வாய்மொழியாகச் சொல்லிச் செல்வது போதாது என்பதையும் அனுபவம் உணர்த்துகிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் மாத்திரைகளின் நேரம், மருத்துவரைக் கேட்காமல் பொடிக்கக் கூடாத மாத்திரை எது, சோற்றை எவ்வளவு குழைத்தால் புரையேறாது, இரவில் கழிவறை விளக்கை ஏன் அணைக்கக் கூடாது, தெருக்கதவின் மேல்தாழ்ப்பாள் ஏன் முக்கியம் என்பன எழுதப்பட வேண்டும். மாலை நேரத்தில் பதற்றம் மிகும் அந்திக் குழப்பத்தின்போது, வீட்டிலேயே இருந்துகொண்டு 'வீட்டுக்குப் போகணும்' என்று முதியவர் அடம்பிடித்தால் மறுத்துப் பேசாமல், 'காபி குடிச்சிட்டுப் போகலாம்பா' என்று பேச்சைத் திருப்புவது போன்ற, நாள்பட்ட பழக்கத்தால் மட்டுமே தெரியவரும் உத்திகளும் அதில் இடம்பெற வேண்டும். முதல் முறை அரைநாள் மட்டும் ஒப்படைத்துப் பார்த்துவிட்டு, பிறகு ஓர் இரவுக்கு நீட்டிப்பது நல்லது.

எங்கே போவது என்பது இதற்குப் பிறகே எழ வேண்டிய கேள்வி. கட்டணமின்றி நன்கொடையால் நடக்கும் பத்து நாள் விபாசனா முகாம்கள் பலருக்கு ஆறுதல் அளித்துள்ளன என்றாலும், அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, ஒரு நாளில் ஏறக்குறைய பத்து மணி நேரம் தியானத்தில் அமர்ந்து, கைப்பேசியையும் பேச்சையும் துறக்க வேண்டிய அந்த ஒழுங்கு, மாதக்கணக்கில் இரவுத் தூக்கம் கெட்டவருக்கு முதல் மருந்தாகாது. அவருக்கு முதலில் வேண்டியது இடையில் எழுப்பப்படாத உறக்கம்; அது அக்கா வீட்டு மாடியறையிலும் கிடைக்கும். ஆண்டுக்கொரு முறை நெடும்பயணம் போவதைவிட, வாரந்தோறும் தவறாமல் கிடைக்கும் அரைநாள் நிலைத்த பயன் தருகிறது, ஏனெனில் அடுத்த ஓய்வு எப்போது என்பது தெரிந்திருப்பதே சுமையைத் தாங்கும் வலுவைக் கூட்டுகிறது. சென்ற இடத்திலிருந்து மணிக்கொரு முறை வீட்டுக்குப் பேசுபவர் ஓய்வெடுப்பதில்லை. மாற்று ஆள் குறித்த நேரத்தில் ஒருமுறை அழைப்பார், அவசரமானால் மட்டும் கூடுதலாக அழைப்பார் என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்வது குற்ற உணர்வையும் ஓரளவு தணிக்கிறது.

ஆகவே வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் உடன்பிறப்புகள், பணம் அனுப்புவதோடு நில்லாமல், ஆண்டில் சில வாரங்களாவது நேரில் வந்து அந்த நோட்டுப் புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி ஒருவரும் இல்லாத வீடுகளில், தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்களிடம் வீடு தேடி வரும் நோய்த்தணிப்புச் சேவையைப் பற்றிக் கேட்கலாம்; மனம் தாளாத நாளில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கட்டணமின்றி எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.